மெரினாவில் குடித்தனம்: மெத்தைக்கு அடியில் ஏறும் ஈரம்

மடைமகள் | டிசம்பர் 2, இரவு 9.40

வணக்கம். நானும் என் கணவரும் இங்கிலாந்தின் நார்த்தாம்ப்டன்ஷையரில், கிராண்ட் யூனியன் கால்வாயை ஒட்டிய ஒரு மெரினாவில், 57 அடி நீளமுள்ள நாரோபோட் எனப்படும் ஒடுக்கமான கால்வாய்ப் படகு ஒன்றில் குடித்தனம் நடத்துகிறோம். இது எங்களுக்கு இரண்டாவது குளிர்காலம். "மெரினாவில் குடியேறிவிட்டோம்" என்று ஊருக்குத் தொலைபேசியில் சொன்ன அன்று, "மணலிலா? போலீஸ்காரர்கள் சும்மா விடுகிறார்களா?" என்று அம்மா கேட்டார். ஆகவே முதலில் ஒரு விளக்கம். இங்கே மெரினா என்பது கால்வாயின் பக்கத்து வயலைத் தோண்டி, கால்வாய் நீரை உள்ளே விட்ட பெரிய குளம். பான்டூன் எனப்படும் மிதவை நடைபாதைகள் அதற்குள் விரல்களைப்போல நீண்டிருக்கும். ஒவ்வொன்றின் இருபுறமும் படகுகள் கட்டப்பட்டிருக்கும். தண்ணீர்க் குழாயும் மின்கம்பமும் அந்த நடைபாதையிலேயே உண்டு.

எங்கள் படகின் வெளி அகலம் 6 அடி 10 அங்குலம். பதினெட்டாம் நூற்றாண்டில் மத்திய இங்கிலாந்தில் கால்வாய் வெட்டியவர்கள், படகுகள் புகுந்து போக வேண்டிய, லாக் எனப்படும் மடைகளை ஏழடி அகலத்துக்குக் கட்டிவிட்டுப் போனார்கள். அவர்கள் போட்ட அந்தக் கணக்குக்குள்தான் எங்கள் அடுப்பு, கட்டில், குளியலறை, இவருடைய அலுவலக மேசை எல்லாமே அடங்கியாக வேண்டும்.

இப்போது சிக்கலுக்கு வருகிறேன். சென்ற சனிக்கிழமை விரிப்பை மாற்றுவதற்காக மெத்தையைத் தூக்கினேன். அதன் அடிப்பக்கம் முழுவதும் கரும்புள்ளிகள். கட்டில் பலகையைத் தொட்டால் கையில் ஈரம் ஒட்டியது. கட்டிலுக்கு அடியில் உள்ள பெட்டியில் வைத்திருந்த என் பட்டுப்புடவையின் மடிப்பில் சாம்பல் நிறத்தில் பூஞ்சணம் படர்ந்திருந்தது. மழைக்காலத்தில் டிரங்குப் பெட்டியைத் திறந்தால் வருமே, அதே வாடை. படகின் அடித்தகடு எங்கோ கசிகிறது என்கிறார் என் கணவர். தகடு கசிந்திருந்தால் இந்நேரம் படகே தாழ்ந்திருக்கும் என்கிறேன் நான். மூன்று நாட்களாக இதே பேச்சாக இருக்கிறது.

தகவலுக்காக: சமையலுக்கு 13 கிலோ புரொப்பேன் சிலிண்டர், சூட்டுக்குக் கரி அடுப்பு ஒன்று, கரையிலிருந்து 16 ஆம்பியர் மின் இணைப்பு. நவம்பரில் குளிர் கூடியதும் கூரையில் உள்ள காளான் வடிவக் காற்றுத் துளைகளில் இரண்டைத் துணி வைத்து அடைத்தோம். நீண்ட நாள் படகில் வாழ்ந்தவர்கள் யாரேனும் வழி சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.


நீர்க்கோழி | டிசம்பர் 2, இரவு 11.05

அம்மா, உங்கள் கேள்விக்கான பாதிப் பதில் உங்கள் பதிவின் கடைசிப் பத்தியிலேயே இருக்கிறது. முதல் வேலையாக அந்தத் துணிகளை உருவி எறியுங்கள். கரி அடுப்பு எரியும் இரும்புப் பெட்டிக்குள் காற்றுத் துளையை அடைத்துவிட்டு உறங்குவது ஈரத்தைவிடப் பெரிய ஆபத்து. தங்கும் அறையுள்ள படகுகளில் கார்பன் மோனாக்சைடு அலாரம் 2019 ஏப்ரல் 1 முதல் கட்டாயம். உங்கள் அலாரம் வேலை செய்கிறதா என்று இன்றிரவே பொத்தானை அழுத்திப் பாருங்கள்.

நான் 12 ஆண்டுகளாகப் படகில் இருக்கிறேன். முதல் ஏழு ஆண்டுகள் நிலையான கட்டுமிடம் இல்லாமல், 14 நாட்களுக்கு ஓரிடமாக நகர்ந்துகொண்டே இருந்தேன். இப்போது பர்மிங்காமில் ஒரு கட்டுமிடம் எடுத்திருக்கிறேன். ஈரத்தைப் பற்றிய என் கணக்கு எளியது. ஒரு கிலோ புரொப்பேன் எரியும்போது ஏறத்தாழ 1.6 கிலோ நீர் ஆவியாக வெளிவருகிறது. அதாவது, உங்கள் 13 கிலோ சிலிண்டர் ஒன்று தீரும்போது 21 லிட்டர் தண்ணீரைப் படகுக்குள் ஊற்றியிருக்கிறீர்கள். குக்கர் விசில், சாதம் வடிக்கும் ஆவி, குளியல், உள்ளே காயப்போட்ட துணி, இரவெல்லாம் இருவர் விடும் மூச்சு எல்லாவற்றையும் அதன்மேல் கூட்டிக்கொள்ளுங்கள். அவ்வளவு நீரும் எங்காவது போய்த்தானே ஆக வேண்டும்? வெளியேற வழியில்லாதபோது, இருப்பதிலேயே குளிர்ந்த பரப்பைத் தேடிப்போய் அது வியர்க்கும். அலுமினிய ஜன்னல் சட்டம் முதல் இடம், மெத்தையின் அடிப்பக்கம் இரண்டாவது இடம். படகின் பக்கச் சுவர்களில் நுரை அடித்து வெப்பத்தைத் தடுத்திருப்பார்கள். அடித்தகட்டுக்கு அநேகமாக எதுவும் செய்வதில்லை. அதன்மேல் பாரத்துக்காக அடுக்கிய கல்பாளங்களும் ஒட்டுப்பலகையும்தான் இருக்கும். அந்தத் தகடோ கால்வாய் நீரின் குளிரிலேயே இருக்கிறது. உடல்சூட்டில் எழும் ஈரம் மெத்தை வழியாகக் கீழிறங்கிக் குளிர்ந்த பலகையைத் தொட்டதும் நீராகிவிடுகிறது.

உங்கள் வீட்டு வழக்குக்கும் ஒரு தீர்ப்பு வழி உண்டு. கேபினின் பின்கோடியில், கடைசிப் படிக்கட்டுக்கு அருகில், தரையில் ஒரு சிறிய மூடி இருக்க வேண்டும். படகு பின்பக்கம் சற்றே தாழ்ந்து மிதப்பதால், உள்ளே எங்கே நீர் கசிந்தாலும் அங்கேதான் வந்து சேரும். மூடியைத் திறந்து, இருப்பதை ஒற்றி எடுத்து, செய்தித்தாள் ஒன்றை விரித்து வையுங்கள். இரண்டு நாள் கழித்துத் தாள் காய்ந்திருந்தால் வென்றவர் நீங்கள். நனைந்திருந்தால் உங்கள் கணவர். நனைந்திருந்தால் அந்த நீரை முகர்ந்தும் பாருங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.


லங்காவித்துடுப்பு | டிசம்பர் 3, காலை 6.20

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். நானும் மனைவியும் லங்காவித் தீவில் ஒரு மெரினாவில், 38 அடிப் பாய்மரப் படகில் இருக்கிறோம். எங்களுக்குக் குளிர்காலமே கிடையாது. ஆனாலும் மெத்தை நனைகிற கதை இங்கேயும் உண்டு. குளிர்சாதனத்தைப் போட்டுவிட்டுப் படுத்தால், குளிர்ந்த அறைக்குள் வெளிக்காற்றின் ஈரம் புகுந்து, உங்களுக்குச் சுவரில் வியர்ப்பது எங்களுக்கு அலமாரிக்குள் வியர்க்கிறது. தோல் செருப்பு, பெல்ட் எல்லாம் இரண்டு வாரத்தில் பச்சை பூத்துவிடும்.

நாங்கள் செய்தது இதுதான். கட்டில் பலகையை எடுத்துவிட்டு இடைவெளி விட்ட மரச்சட்டங்களை வைத்தோம். அதன்மேல் பிளாஸ்டிக் நாரைப் பின்னியதுபோல் இருக்கும் ஒரு வலைவிரிப்பு. மெத்தைக்கும் மரத்துக்கும் நடுவே காற்று ஓட அது இரண்டு சென்டிமீட்டராவது இடம் தருகிறது. காலையில் எழுந்தவுடன் படுக்கையைச் சுருட்டி நிறுத்திவிடுவோம். ஊரில் பாட்டி பாயைச் சுருட்டி மூலையில் நிறுத்தியதைக் கேலி செய்த பிள்ளை நான். இப்போது தினமும் அதையேதான் செய்கிறேன்.

உப்பு நீரில் இருப்பவர்களுக்கு வேறு கவலைகளும் உண்டு. அடிப்பாகத்தில் ஓடுள்ள சிறு கடலுயிரான கொட்டலசு ஒட்டும். கழிப்பறைக் குழாய்க்குள் சுண்ணாம்பு படிந்து அடைக்கும். அதற்கு மாதம் ஒருமுறை வினிகர் ஊற்றுகிறோம். அட்டைப்பெட்டி எதையும் படகுக்குள் ஏற்றுவதில்லை. மடிப்புகளில் கரப்பான் முட்டை ஒட்டிக்கொண்டு வரும். கடையிலிருந்து வரும் பெட்டியைப் பான்டூனிலேயே பிரித்துவிட்டுப் பொருளை மட்டும் உள்ளே கொடுப்பதில் என் மனைவி கண்டிப்பானவர். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை இத்தீவின் படகுத்துறைகளையும் விட்டுவைக்கவில்லை. அப்போது நாங்கள் இங்கே இல்லை. ஆனாலும் கயிற்றைச் சரிபார்க்காமல் என் மனைவி ஒரு நாளும் படுத்ததில்லை.


கரைவாசி | டிசம்பர் 3, மாலை 7.15

இந்த இழையை ஆர்வத்தோடு படிக்கிறேன். எங்களுக்குத் திருமணமாகி எட்டு மாதங்கள் ஆகின்றன. லெஸ்டரில் வாடகை வீட்டில் இருக்கிறோம். படகு வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறோம். மடைமகள் அக்கா, ஈரத்தைத் தவிர்த்து மற்ற நாள் நடப்பு எப்படி என்று சொல்ல முடியுமா? குறிப்பாக, கழிப்பறையை எப்படிச் சமாளிக்கிறீர்கள்? இருவருக்கும் மனத்தாங்கல் வந்தால் எங்கே போய் உட்காருவீர்கள்? கேட்பதில் தவறிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.


மடைமகள் | டிசம்பர் 4, இரவு 8.50

துணியை உருவிவிட்டோம், அலாரம் ஒலித்தது, செய்தித்தாளும் விரித்தாயிற்று. நீர்க்கோழி ஐயாவுக்கு நன்றி.

கரைவாசித் தம்பி கேட்டதில் தவறேதும் இல்லை. படகு வாங்க வருகிறவர்கள் எல்லோரும் மனத்துக்குள் கேட்டுக்கொண்டு வாய்விட்டுக் கேட்கத் தயங்குவது இந்த இரண்டும்தான்.

என் நாள் காலை ஐந்தே காலுக்குத் தொடங்குகிறது. நான் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் முறைமாற்றுப் பணி பார்க்கிறேன். இவர் படகிலிருந்தே கணினி வேலை செய்கிறார். முதல் வேலை அடுப்பு. இரவில் காற்றுத் திறப்பைக் குறைத்து வைத்தால் புகையில்லாக் கரி விடியும்வரை கனன்றுகொண்டிருக்கும். சாம்பலைத் தட்டி, நாலு கரியைப் போட்டுத் திறப்பை அகட்டினால் பத்து நிமிடத்தில் பிடித்துக்கொள்ளும். அணைந்துவிட்டதென்றால் உள்ளே எட்டு டிகிரிதான். அன்று எழுந்திருப்பவர் யார் என்பதற்கே ஒரு பஞ்சாயத்து நடக்கும். இரண்டாவது வேலை, மின்கம்பத்தின் மீட்டரைப் பார்ப்பது. எங்கள் மெரினாவில் மின்சாரத்துக்கு முன்பணம் கட்ட வேண்டும். 230 வோல்ட்டில் 16 ஆம்பியர் என்றால் மொத்தம் 3,680 வாட்தான். நான் மின்சூடேற்றியைப் போட்டிருக்கும்போது இவர் கெட்டிலைப் போட்டால் கம்பத்தில் சுவிட்ச் விழுந்துவிடும். பிறகு உறைபனியில் டார்ச் விளக்கோடு நடந்துபோய் அதைத் தூக்கிவிட வேண்டும். "கெட்டில் போடுகிறேன்" என்று குரல் கொடுத்துவிட்டுப் போடுவது எங்கள் வீட்டுச் சட்டம். இவர் அதை மீறிய இரண்டு முறையும் இவரையே அனுப்பினேன்.

தண்ணீர்த் தொட்டியின் கொள்ளளவு 500 லிட்டர். இருவர் சிக்கனமாகக் குளித்தால் ஒரு வாரம், தலைக்கு ஊற்றினால் ஐந்து நாள். பான்டூன் குழாயிலிருந்து ஹோஸ் போட்டு நிரப்புகிறோம். சென்ற ஜனவரி உறைபனியில் குழாய் உறைந்துவிட்டது. மெரினா அலுவலகம் முன்னறிவிப்பே இல்லாமல் நீரை நிறுத்திவிட்டது. நான்கு நாட்கள் கேனில் சுமந்தோம். அதிலிருந்து, வானிலை அறிக்கையில் சுழியத்துக்குக் கீழே என்று வந்தால் அன்று மாலையே தொட்டியை நிரப்பிவிடுவோம்.

கழிப்பறை விஷயம். நாரோபோட்டுகளில் பெரும்பாலும் காண்பவை இரண்டு முறைகள். ஒன்று, படகுக்குள்ளேயே பெரிய தொட்டி. மாதம் ஒருமுறையோ ஆறு வாரத்துக்கு ஒருமுறையோ இயந்திரம் வைத்து உறிஞ்சி எடுப்பார்கள், அதற்குக் காசு. மற்றது கேசட்: சுமார் 20 லிட்டர் பிடிக்கும் பெட்டி, நாமே உருவி எடுத்துக்கொண்டுபோய் எல்சன் எனப்படும் கழிவுத்தொட்டியில் கவிழ்த்துக் கழுவ வேண்டும். எங்களுடையது கேசட். இருவருக்கு மூன்று நாள் தாங்கும். நிரம்பியதை யார் எடுத்துப் போவது என்பதற்குச் சமையலறையில் ஒரு நாட்காட்டி தொங்குகிறது. சென்ற பிப்ரவரியில் ஓர் இரவு, இவருடைய முறை. பான்டூனில் கண்ணுக்குத் தெரியாத பனிப்படலம். மூன்றடி அகலப் பலகையில் கால் வழுக்கி, கேசட் ஒரு பக்கமும் இவர் மறுபக்கமுமாகக் குளத்துக்குள் விழுந்தார்கள். ஆழம் இடுப்பளவுதான், ஆனால் அந்தக் குளிரில் மூச்சு வாங்கவே முடியவில்லை என்றார். ஏணி இருபது அடி தள்ளி இருந்தது. கேசட் மூடி இறுகியிருந்ததால் மிதந்தது. கொக்கி போட்டு இழுத்தேன். இதை இன்று சிரித்துக்கொண்டு எழுதுகிறேன், அன்று சிரிக்கவில்லை. வாயில் கால்வாய் நீர் போய்விட்டதென்றால் எலிக்காய்ச்சல் பற்றி மருத்துவரிடம் சொல்லிவைப்பது நல்லது என்று பக்கத்துப் படகுப் பெரியவர் சொன்னார். நான் ஆய்வகத்துக்காரி, எனக்கும் அதுதான் முதலில் தோன்றியது. நல்லவேளையாக ஒன்றும் ஆகவில்லை. இப்போது பனி விழும் மாதங்களில் இரவில் எல்சனுக்குப் போவதே இல்லை.

மனத்தாங்கல் பற்றி. படகில் அறைந்து சாத்திக்கொள்ளக் கதவு இல்லை. இருக்கும் நழுவுகதவு குளியலறைக்கு. ஒருவர் சமைக்கும்போது மற்றவர் கடந்துபோக வேண்டுமானால், சமைப்பவர் வயிற்றை உள்ளிழுத்து மேசையோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். முந்தின இரவு பேசாமல் படுத்தவர்கள் மறுநாள் காலை ஏழு மணிக்கு இப்படி உரசிக்கொண்டு கடக்கும்போது, கோபத்தைக் காப்பாற்றி வைத்திருப்பது கடினம். முடியாதபோது நான் கால்வாய்க்கரைப் பாதையில் அடுத்த லாக்வரை நடந்துவிட்டு வருவேன்; போய்வர நாற்பது நிமிடம். திரும்பி வந்து படகின் விளிம்பில் கால் வைத்தவுடன் படகு என் பக்கம் சற்றே சாயும். உள்ளே மேசையில் இருக்கும் டம்ளரில் நீர் ஒருபக்கம் ஏறும். நான் வந்துவிட்டேன் என்று அவருக்குத் தெரியும். கதவு திறப்பதற்குள் தேநீருக்குத் தண்ணீர் வைத்திருப்பார். குரல் கொடுத்துவிட்டுத்தான்.


கணக்குப்பிள்ளை | டிசம்பர் 5, பிற்பகல் 1.30

எல்லாம் படிக்கச் சுவையாக இருக்கிறது. ஆனால் புதுமணத் தம்பதியர் ஒருவர் முடிவெடுக்கும் நிலையில் இருப்பதால், இரண்டு விஷயங்களைத் திறந்து பேச வேண்டும்.

முதலாவது, "வாடகை மிச்சம்" என்ற பேச்சு. வீட்டுக்கடன் போலப் படகுக்குக் கடன் எளிதில் கிடைக்காது. கிடைத்தாலும் தவணைக்காலம் குறைவு, வட்டி அதிகம். கட்டுமிட வாடகை, படகின் நீளத்தைப் பொறுத்த ஆண்டு உரிமக் கட்டணம், காப்புறுதி, நான்கு ஆண்டுக்கு ஒருமுறை பாதுகாப்புச் சான்றிதழ், இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கரையேற்றி அடிப்பாகத்துக்குத் தார்ப்பூச்சு, கரி, டீசல், எரிவாயு என்று வரிசையாக வரும். நிலம் உங்களுடையது அல்ல. ஆண்டு கடந்தால் இரும்பு தேயுமே தவிர வளராது.

இரண்டாவது, பலர் மறைக்கும் விஷயம். மெரினாக்களில் உள்ள கட்டுமிடங்களில் பெரும்பகுதி பொழுதுபோக்குப் படகுகளுக்கானவை. நிரந்தரமாகக் குடியிருக்க அனுமதி உள்ளவை குறைவு. அனுமதியில்லாத இடத்தில் சத்தமில்லாமல் குடியிருப்பவர்கள் ஏராளம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரு நாள் மெரினாவின் உரிமையாளர் மாறினால், ஒரு கடிதத்தில் வெளியேற்றிவிடலாம். மடைமகள் அவர்கள் எந்த வகை என்று சொல்வார்களா?


மடைமகள் | டிசம்பர் 5, இரவு 10.10

கேள்வி நியாயமானது. எங்களுடையது குடியிருப்பு அனுமதி உள்ள கட்டுமிடம். அதற்காக ஒன்பது மாதம் காத்திருப்புப் பட்டியலில் இருந்தோம். உள்ளாட்சி வரி கட்டுகிறோம். கடிதங்கள் மெரினா முகவரிக்கு வருகின்றன. அனுமதியில்லாத இடம் வாடகையில் மலிவாகக் கிடைத்தது. என் பணிக்கு முகவரிச் சான்று அடிக்கடி தேவைப்படுவதால் வேண்டாமென்று விட்டோம். அதை எடுத்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வீட்டு வாடகை ஏறுகிற ஏற்றத்தில் வேறு எங்கே போவார்கள்?

பணம் மிச்சமா என்றால், முதல் ஆண்டில் இல்லை. வாங்கிய ஆறாம் மாதத்தில் பேட்டரிகள் நான்கையும் மாற்ற வேண்டியதாயிற்று. ஈய அமில பேட்டரியைப் பாதிக்குக் கீழே வடியவிடக் கூடாது என்பதை நாங்கள் காசு கொடுத்துத்தான் கற்றோம். லெஸ்டரிலிருந்து வாடகையைத் தப்பிக்க மட்டும் வருவதாக இருந்தால், தம்பி, வராதீர்கள்.


நீர்க்கோழி | டிசம்பர் 6, காலை 9.00

கணக்குப்பிள்ளை சொன்னதில் ஒரு சிறு சேர்க்கை. கட்டுமிடமே இல்லாமல் வாழ்வதும் சட்டத்தில் உள்ள வழிதான். 1995ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் நீர்வழிச் சட்டம், நிலையான இடமில்லாத படகு எந்த ஓரிடத்திலும் தொடர்ந்து 14 நாட்களுக்குமேல் நிற்காமல் பயணத்தில் இருக்க வேண்டும் என்கிறது. 2012 முதல் இங்கிலாந்து, வேல்ஸ் கால்வாய்களைப் பராமரித்துவரும் கெனால் அண்ட் ரிவர் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை அதைக் கண்காணிக்கிறது. ஏழு ஆண்டு அப்படித் திரிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இருவரும் வேலைக்குப் போகும் தம்பதியருக்கு அது கடினம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அலுவலகத்துக்குப் போகும் பேருந்து எண்ணே மாறும். லண்டனின் சவுத்தால் பக்கம் போனால் பூசையில் விட்ட தேங்காய்கள் நீரில் மிதந்து வரும். நம்மவர் யாரோ பக்கத்தில் இருக்கிறார்கள் என்று மகிழ்ச்சியாக இருக்கும். அடுத்த கணம் அதே பூசையில் விட்ட துணி, படகைத் தள்ளும் விசிறியில் சுற்றிக்கொள்ளும். அரை மணி நேரம் தண்ணீருக்குள் கைவிட்டு அறுத்தெடுத்தேன்.

கரைமின்சாரத்தில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டிய வேறொன்றும் உண்டு. பான்டூனில் எல்லாப் படகுகளின் எர்த் கம்பியும் ஒரே இடத்தில் சேர்வதால், நீரும் இரும்பும் சேர்ந்து ஒரு பெரிய பேட்டரி உருவாகிவிடுகிறது. பாதுகாப்பில்லாத படகின் இரும்பு, பக்கத்துப் படகுக்காகக் கரையும். கால்வானிக் ஐசொலேட்டர் என்ற சிறு கருவி அதைத் தடுக்கும். இரும்புக்குப் பதிலாகத் தான் கரைவதற்கென்று அடியில் பற்றவைத்த உலோகக் கட்டியான அனோடு, நன்னீருக்கு மக்னீசியம், உப்புநீருக்குத் துத்தநாகம். வாங்கிய படகில் என்ன இருக்கிறது என்று கரையேற்றும்போது பாருங்கள். பக்கத்தகடு 6 மில்லிமீட்டரில் தொடங்குகிறது. 4க்குக் கீழே தேய்ந்தால் காப்புறுதிக்காரர்கள் முகம் சுளிப்பார்கள்.

மடைமகள் அம்மா, செய்தித்தாள் என்ன சொல்கிறது?


மடைமகள் | டிசம்பர் 6, இரவு 9.25

நனைந்திருந்தது. என் கணவர் அந்தத் தாளை மடித்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

நீங்கள் சொன்னபடி முகர்ந்து பார்த்தேன். சோப்பு வாடை.


நீர்க்கோழி | டிசம்பர் 6, இரவு 9.40

அப்படியானால் கால்வாய் நீர் இல்லை. குளியல் தொட்டிக்கு அடியில் கழிவுநீரை வெளியேற்றும் சிறு பம்ப் இருக்கும். அதன் குழாய் இணைப்பு தளர்ந்திருக்கும். இருவரும் வென்றதாக வைத்துக்கொள்ளுங்கள்.


மடைமகள் | ஜனவரி 19, மாலை 6.30

ஆறு வாரங்களுக்குப் பின் நடந்ததைப் பதிவிடுகிறேன். பதில் எழுதியவர்களுக்கு அது கடமை என்று நினைக்கிறேன்.

குளியல் தொட்டியின் முன்பலகையைக் கழற்றினோம். பம்புக்குப் போகும் குழாயின் கிளிப் துருப்பிடித்துத் தளர்ந்திருந்தது. ஒவ்வொரு குளியலுக்கும் ஒரு டம்ளர் நீர் தரைக்கு அடியில் போயிருக்கும், ஓராண்டாகவே போயிருக்கலாம். புதுக் கிளிப்பின் விலை ஒரு தேநீரின் விலைகூட இல்லை. அடியில் சேர்ந்திருந்த நீரைப் பஞ்சால் ஒற்றி எடுக்க இரண்டு நாள் ஆயிற்று. வாளியில் அளந்தோம், 34 லிட்டர். அதன்பின் விரித்த தாள்கள் எல்லாம் காய்ந்தே இருக்கின்றன.

கட்டில் பலகையில் இவர் துளைக்கருவியால் கைவிரல் அகலத்தில் அறுபது துளைகள் போட்டார். லங்காவி அண்ணன் சொன்ன வலைவிரிப்பை வாங்கி மேலே போட்டோம். மெத்தையைக் காலையில் சாய்த்து நிறுத்துகிறோம். அது அகலமான மெத்தையாதலால் நிறுத்திய பிறகு நடைவழி அடைபடுகிறது. நான் ஐந்தரைக்கு முன் குளித்துவிட வேண்டும் என்பது புதுச் சட்டம்.

ஈரமுறிஞ்சி இயந்திரத்துக்காக வாதாடினோம். கம்ப்ரஸர் உள்ள வகை மின்சாரம் குறைவாகக் குடிக்கும், ஆனால் பத்து டிகிரிக்குக் கீழே சோம்பிவிடும். ஈரத்தை உறிஞ்சும் குருணைகள் உள்ள வகை குளிரிலும் உழைக்கும், மின்சாரத்தை அள்ளிக் குடிக்கும். அடுப்பு எரியும் அறையில் வைக்கப்போகிறோம் என்பதால் கம்ப்ரஸர் வகையை எடுத்தோம். முதல் இரவில் தொட்டியில் ஒன்றரை லிட்டர் சேர்ந்திருந்ததைக் காலையில் பார்த்தபோது எனக்குச் சற்று அருவருப்பாகவே இருந்தது; அதில் பாதி எங்கள் மூச்சுக்காற்று அல்லவா? ஈரப்பதமானி டிசம்பரில் 84 காட்டியது. இன்று மாலை 61.

சமையலிலும் ஒரு மாற்றம். சாதத்தைக் கரைமின்சாரத்தில் சிறு மின்குக்கரில், ஜன்னலை இரண்டு அங்குலம் திறந்துவைத்து வைக்கிறேன். சாம்பாருக்குக் கரி அடுப்பின் மேல்தட்டு போதும். மெதுவாக இரண்டு மணி நேரம் வேகிறது, எரிவாயு நீரும் சேராது. அதே அடுப்புக்கு மேல் உள்ள அலமாரிதான் இட்லி மாவு பொங்கும் ஒரே இடம். வெந்நீர்த் தொட்டி இருக்கும் அலமாரியில் முயன்றேன். அங்கே வழிந்து இவர் சட்டைகள் மேல் கொட்டியது.

பட்டுப்புடவையை லெஸ்டரில் உள்ள சலவைக்காரரிடம் கொடுத்தேன். கறை முழுவதும் போகவில்லை. மடித்து வைப்பதில்லை என்று முடிவு செய்து, அக்கா வீட்டு அலமாரிக்கு அனுப்பிவிட்டேன்.


கரைவாசி | ஜனவரி 20, காலை 8.05

மிக்க நன்றி அக்கா. நாங்கள் இன்னும் முடிவெடுக்கவில்லை. முடிவெடுக்கும் முன் பிப்ரவரியில் ஒரு நாள் வந்து படகைப் பார்க்கலாமா?


மடைமகள் | ஜனவரி 20, இரவு 7.45

தாராளமாக வாருங்கள். கோடையில் வந்தால் எல்லோருக்கும் படகு பிடித்துவிடும். பிப்ரவரிதான் சரியான மாதம். இரவு தங்கும்படி வாருங்கள். முன்பக்க இருக்கையைக் கட்டிலாக விரிக்கலாம். வழுக்காத காலணி அணிந்து வாருங்கள். வருவது செவ்வாய்க்கிழமை என்றால் தண்ணீர் நிரப்பிய மறுநாள், தாராளமாகக் குளிக்கலாம். ஞாயிற்றுக்கிழமை என்றால் வீட்டிலேயே குளித்துவிட்டு வாருங்கள். கேசட் நாட்காட்டியில் உங்கள் பெயரையும் எழுதச் சொல்கிறார் என் கணவர்.